சாமிகிட்ட ஒரு ஆணி

சன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோம்மா. எனக்குத் தண்ணி கண்ணுல படக் கூடாது. இந்த ரோட்டுல கடல் எங்க தெரியுதுன்னு கேப்ப. கடல் வேண்டாம்மா, உப்பளத்துல கெடக்குத தண்ணியப் பாத்தாலே இப்பல்லாம் நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது. நீயும் திருச்செந்தூர் வரைக்கும்தானே? நல்லதாப் போச்சு. பேசிக்கிட்டே போயிரலாம். வாயை மூடிக்கிட்டு வந்தா எனக்குத் தலை சுத்தும்.

கையில என்னன்னு பாக்கியா? காணிக்கை. மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சிருக்கேன். வெள்ளியும் இல்ல, தங்கமும் இல்ல. ஒரு ஆணி. சிரிக்காத. ஆணின்னு சொன்னா எங்க வீட்டுக்காரகளுக்குக் கோவம் வரும், பின்னுன்னு சொல்லணுமாம். என் சுண்டுவிரல்ல பாதிதான் இருக்கும். ஆனா இதுதான் எந்தாலியக் காப்பாத்திக் குடுத்துச்சு. அதான் முருகன் உண்டியல்ல போடப் போறேன். முதல்ல இருந்து சொன்னாத்தான் உனக்கு வெளங்கும்.

எங்க வீட்டுக்காரக தூத்துக்குடி ஆர்பர்ல கிரேன் ஓட்டுனவுக. அம்புட்டு உசரத்துல உக்காந்து வருசக்கணக்காக் கப்பலுக்குச் சரக்கு ஏத்தியிருக்காக. ஆனா ஒரு தடவை கூட ஒரு கப்பல்ல ஏறிக் கடலுக்குள்ள போனது கிடையாது. "மேல இருந்து பாத்தே காலம் போச்சு"ம்பாக. ரிட்டையர் ஆனதும் எம் மக தமயந்தி போன்ல கேட்டா. அவ ஆஸ்திரேலியாவுல இருக்கா. லீவுக்கு வரும்போது அப்பாவுக்கு என்ன வாங்கிட்டு வரன்னு கேட்டா. ஊருல எல்லா அப்பனும் வாச்சு கேப்பான், சட்டை கேப்பான். இவுக படகு கேட்டாக.

நெசமாத்தான். ரெண்டு பைக்குள்ள மடக்கி வைக்கித படகு. காத்தடிச்சாக் கட்டுமரம், காத்தை எறக்குனா மூட்டை. பொம்மைன்னு நினைச்சிராத. ரெண்டு நீளக் குழாய், ரப்பர் மாதிரி, ஆனா நல்ல கெட்டி. பம்ப்பு வச்சு அடிச்சு அடிச்சு, தட்டுனா டங்குன்னு கேக்கணும். அது ரெண்டையும் சேக்கதுக்கு அலுமினியச் சட்டம். நடுவுல உக்காரதுக்கு வலைத்துணி, அதைக் கட்டிலுக்கு நாடா இழுக்க மாதிரி கயிறு போட்டு இழுத்துக் கட்டணும். பொறவு பாய்மரம். அது துண்டு துண்டா வரும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகணும். பாய், சுக்கான், கம்பி, கயிறு. இதெல்லாம் போக ஒரு ஜிப்பு வச்ச சின்னப் பையில ஆணியும் வளையமும். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் எடுத்த மாதிரி அம்புட்டு சாமான்.

முதல் தடவை எங்க மொட்டை மாடியில வச்சுத்தான் பூட்டிப் பாத்தாக. துணைக்கு இன்னாசி அண்ணன். அவுக ரெண்டு பேரும் ஆர்பர்ல ஒண்ணா வேலை பாத்தவுக, இவுக கிரேனு, அவரு வொர்க்‌ஷாப்பு. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. இவுகள மாப்ளன்னுதான் கூப்பிடுவாரு, என்னைத் தங்கச்சிம்பாரு. சாயங்காலம் ஆனா எங்க வீட்டுல அவருக்கு ஒரு டம்ளர் காப்பி உண்டு. அன்னைக்கி ரெண்டு பேருமாக் காத்தடிச்சு, சட்டத்தை மாட்டி, எல்லாம் முடிச்சுட்டு எறக்கப் பாத்தா மாடிப்படியில எறங்கமாட்டேங்குது. மறுபடியும் காத்தை எறக்கவும் இவுகளுக்கு மனசு வரல. பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் வேடிக்கை பாக்காங்க. இன்னாசி அண்ணன் சிரிச்சுச் சிரிச்சு நிக்க மாட்டாம தரையில உக்காந்துட்டாரு. எங்க வீட்டுக்காரக மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாக. பொறவு அவுகளும் சிரிச்சாக. எம் புருசன் அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா.

இந்தா, முள்ளக்காடு வந்துட்டு. இப்பிடியே உள்ள போனாக் கடக்கரை. அங்கனதான் கொண்டு போய்ப் பூட்டுவாக. நான் பிளாஸ்க்குல காப்பி எடுத்துட்டுப் போயி நெழலாப் பாத்து உக்காந்துக்கிடுவேன். நீ அந்தப் பக்கமே பாரு, நான் பாக்கல.

பாய்மரத்தை நிறுத்துததுதான் பெரிய வேலை. ஒத்த ஆளால ஆகாது. எங்க வீட்டுக்காரக வலைத்துணி மேல நின்னு மரத்தை நெஞ்சோட சேத்துத் தூக்குவாக. இன்னாசி அண்ணன் முன்னாடி போயிக் கம்பியப் பிடிச்சு இழுத்து, ரெண்டு குழாய்க்கும் நடுவுல இருக்க தகட்டுல ஆணியப் போட்டு, வளையத்தை மாட்டுவாரு. இவுக மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "போட்டாச்சா?"ன்னு கத்துவாக. அவரு, "போட்டாச்சு மாப்ள"ம்பாரு. அந்தச் சத்தம் வந்தாத்தான் இவுக கைய விடுவாக. ஒரு நா கூட எந்திரிச்சுப் போயிப் பாத்தது கிடையாது. அவரு போட்டாச்சுன்னாப் போட்டாச்சு.

எனக்கு மட்டும் பக்குபக்குன்னு இருக்கும். அவுகளுக்கு நீச்சல் தெரியும், ஆனா கொளத்து நீச்சல். கடலும் கொளமும் ஒண்ணா? கரையில இருந்து அந்தப் பாய் சின்னதாயிக்கிட்டே போவதைப் பாத்தா எனக்குக் காப்பி எறங்காது. போவாதீகன்னா கேக்கவா போறாக? அப்பத்தான் ஆயுத பூசை வந்துச்சு.

எங்கிட்ட ஒரு பழக்கம் உண்டு. எதுல இருந்தும் ஒண்ணை எடுத்துச் சாமிகிட்ட வச்சிருவேன். எம் மக ஊருக்குப் போகும்போது அவ கொலுசுல ஒத்தையை எடுத்து முருகன் படத்துக்குப் பின்னால வச்சேன், இன்னைக்கு வரைக்கும் அவளுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி கிடையாது. வண்டி வாங்குனதும் ஒரு சாவியை வச்சேன், வண்டி ஒரு கீறல் படாம ஓடுச்சு. ஒண்ணு சாமிகிட்ட இருந்தா மிச்சத்தைச் சாமி பாத்துக்கிடுவாரு. ஆனா வெளிய சொல்லக் கூடாது. சொன்னாப் பலிக்காது. உங்கிட்டச் சொல்லலாம், நீ வேத்து ஆளு.

ஆயுத பூசைக்குப் படகுச் சாமான் பூராத்தையும் பூசை ரூமுல பரப்பியாச்சு. பாய்மரம் அதுக்குள்ள அடங்கல, வாசப்படி தாண்டி ஹாலு வரைக்கும் நீட்டிக்கிட்டு கெடக்கு. பம்ப்புக்குச் சந்தனம், சுக்கானுக்குக் குங்குமம். இன்னாசி அண்ணனும் வந்திருந்தாரு. அவரு சிலுவை போட்டுக்கிடுதவரு, இருந்தாலும் கையைக் கட்டிக்கிட்டு மரியாதையா நின்னு, பொரிகடலை வாங்கிச் சாப்பிட்டாரு. அப்ப நான் எங்க வீட்டுக்காரககிட்ட சும்மா கேக்க மாதிரிக் கேட்டேன். "இம்புட்டு சாமான்ல எதுங்க முக்கியம்?"

அவுக அந்தச் சின்னப் பையத் தொறந்து இதை எடுத்துக் காமிச்சாக. "இந்தா, முன்கம்பிக்குப் போடுத பின்னு. ரெண்டு பக்கத்துக்கும் கம்பி இருக்கு, பின்பக்கத்துக்குக் கெடையாது. முன்னால இருக்க கம்பி அத்துச்சுன்னா மரம் அப்பிடியே பின்னால நம்ம மேல சாயும். இந்த ஒண்ணுதான் எங்க உசுரப் பிடிச்சுக்கிட்டு நிக்கு"ன்னாக.

கேட்டியா? உசுருன்னு அவுக வாயாலயே சொன்னாக. நான் என்ன சாமிக்கு எதுக்கும் ஒதவாததையா குடுப்பேன்? முக்கியமானதைத்தானே குடுக்கணும்?

இந்த ஆணியத் துணியில முடிஞ்சு படத்துக்குப் பின்னால வச்சுட்டேன். பையில ஒண்ணு கொறையுமேன்னு பாக்கியா? நான் அப்பிடி விட்டுருவேனா? பரண்ல எம் மக சின்னப் பிள்ளையில ஆடுன ஊஞ்சல் கெடந்துச்சு. அந்தச் சங்கிலியில இருந்து ஒரு ஆணியக் கழத்துனேன். அதே நீளம், அதே பருமன், முனையில வளையம் மாட்டதுக்கு ஓட்டை கூட இருக்கு. சாமி செயல்தானே? கொஞ்சம் துருவா இருந்துச்சு, புளி போட்டுத் தேச்சேன். நடுவுல லேசாத் தேஞ்சிருந்துச்சு, எம் மக அம்புட்டு ஆடியிருக்கா. அந்தப் பிள்ளையத் தாங்குன ஆணி ஒரு பாயைத் தாங்காதா? பையில போட்டு வச்சேன். பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது.

தெரியலியே. தீபாவளிக்குப் போனாக, கார்த்திகையில போனாக, பொங்கலுக்குக் கூடப் போயிட்டு வந்தாக. ஒண்ணும் ஆகலியே. எனக்கும் நெஞ்சு படபடப்பு போயிருச்சு. கரையில உக்காந்து நிம்மதியாக் காப்பி குடிச்சேன்.

முக்காணிப் பாலம். ஆத்துல தண்ணி கெடக்கா? வேண்டாம், சொல்லாத.

பொங்கல் கழிஞ்சு ஒரு நா. காத்து கொஞ்சம் கூடத்தான். போகும்போது காத்து பின்னால இருந்து தள்ளுச்சு, சல்லுன்னு போயிட்டாக. திரும்பி வாரதுக்காகப் படகைக் காத்துக்கு எதுக்கத் திருப்புதாக, எனக்கு நல்லாத் தெரியுது, வெள்ளைப் பாயி, மேல செவப்புக் கோடு. நான் பிளாஸ்க்கத் தொறந்து காப்பி ஊத்தக் குனிஞ்சேன். நிமுந்து பாத்தா, பாயைக் காணல.

எம்மா, அந்த நிமிசத்த நான் யாருக்கும் சொன்னது கிடையாது. கடல் மட்டும் இருக்கு. வேற ஒண்ணுமே இல்ல. நான் சேலையோட தண்ணிக்குள்ள எறங்கிட்டேன். மாரளவு தண்ணியில நின்னு கத்துதேன், முருகா உங்கிட்டத்தானே குடுத்து வச்சிருக்கேன், உங்கிட்டத்தானே குடுத்து வச்சிருக்கேன்னு கத்துதேன்.

மரம் பின்னால சாஞ்சு அவுக தோள்ல அடிச்சிருக்கு. காறை எலும்பு முறிஞ்சு தண்ணிக்குள்ள விழுந்துட்டாக. இன்னாசி அண்ணன் குதிச்சு, அவுக தாடையத் தன் தோள்ல தாங்கிப் பிடிச்சுக்கிட்டே கெடந்திருக்காரு. ஒரு ஃபைபர் படகு வந்து தூக்கிப் போடுத வரைக்கும் கையை விடல. கரைக்கு வரும்போது அண்ணனுக்கு வெரல் விறைச்சுப் போச்சு, அவுக சட்டையில இருந்து ஒவ்வொரு வெரலா மத்தவங்கதான் பிரிச்சு எடுத்தாங்க.

நான் நேரா வீட்டுக்குப் போயி, படத்துக்குப் பின்னால கையை விட்டுப் பாத்தேன். ஆணி அங்கனயே பத்திரமா இருக்கு. அப்பவே எனக்கு வெளங்கிட்டு. இது மட்டும் சாமிகிட்ட இல்லாம இருந்திருந்தா அன்னைக்கி என்ன ஆயிருக்கும்? நீயே சொல்லு.

என்ன முழிக்க? பொறு, இன்னும் இருக்கு.

அவுக கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த பொறவு, இன்னாசி அண்ணன் படகு பூராத்தையும் நல்ல தண்ணியில கழுவி, காயவச்சு, மடிச்சுக் கொண்டாந்தாரு. இவுக உக்காந்த எடத்துல இருந்தே அந்த முன்னாடித் தகட்டை வாங்கிப் பாத்தாக. அதுல வளையம் மாட்டுன மேனிக்குப் பாதி ஆணி நிக்கு. மீதி கடலுக்குள்ள போச்சு. இவுக நகத்தால சொரண்டுனாக, துரு உதிருது.

"இது கம்பெனி பின்னு இல்லியே"ன்னாக.

"என்ன மாப்ள சொல்லுத?"

"இது இரும்பு. எவன் போட்டது இதை?"

அண்ணன் வாங்கிப் பாத்தாரு. "நான் பையில இருந்ததைத்தான் போட்டேன். கருத்திருக்கேன்னு அன்னைக்கே ஒங்கிட்டக் கேட்டேன்ல? உப்புக்காத்துன்னு நீதான் சொன்ன."

அதுல பாத்துக்கோ, அண்ணனுக்கும் ஒரு பழக்கம் உண்டு. பம்ப்புக் குழாய் கிழிஞ்சப்ப நம்ம ஊரு டியூப்பை வெட்டி மாட்டுனாரு. பாய்க்கயிறு ஒண்ணு தொலைஞ்சப்ப வலைக்கடையில நைலான் கயிறு வாங்கிக் கட்டுனாரு. எங்க வீட்டுக்காரகளுக்கு அது பிடிக்காது, வந்த சாமான் வந்தபடி இருக்கணும்பாக. அதான் சந்தேகம் அவரு மேலயே போச்சு. "தொலைச்சுட்டு, எங்கிட்டச் சொல்லாம எதையோ எடுத்து மாட்டியிருக்க. போட்டாச்சு போட்டாச்சுன்னு கத்துனியே, எதைப் போட்ட? என்னக் கொல்லத்தான் பாத்தியா?"ன்னுட்டாக.

அந்தோணியார் மேல சத்தியம்னாரு. எம் பேரப்பிள்ளை மேல சத்தியம்னாரு. இவுக மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. அவரு அந்தப் பாதி ஆணிய மேசை மேல வச்சுட்டு எந்திரிச்சுப் போனாரு. காப்பி டம்ளர் அப்பிடியே இருந்துச்சு.

நானா? நான் அடுப்படியில தோசை ஊத்திக்கிட்டு இருந்தேன். கேட்டுச்சு, கேக்காம என்ன? ஆம்பளைங்க சண்டைக்குள்ள போயி நான் என்னத்தச் சொல்ல? சொன்னாப் பலிக்காதுன்னு சொன்னேனே. அவுகளுக்கு எலும்பு கூடணும், அந்த நேரத்துல போயிச் சாமிகிட்ட இருக்கதை வெளிய சொல்லிட்டு, அவுகளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? எலும்பு கூடட்டும், பொறவு பாத்துக்கிடலாம்னு இருந்தேன். கூடியாச்சு. அதுக்கப்புறம் பேச்சு எடுக்கவே தோதுப்படல.

அண்ணன் ஒரு நா வந்தாரும்மா. அவுக ஆஸ்பத்திரிக்குக் கட்டுப் பிரிக்கப் போயிருந்த நேரமாப் பாத்து வந்தாரு. நெலைப்படிக்கு வெளியவே நிக்காரு. மனுசன் பாதியாப் போயிருந்தாரு. "தங்கச்சி, ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அந்தப் பையை வீட்டுல யாரும் தொட்டாகளா?"ன்னு கேட்டாரு.

"அவுக சாமானத் தொட்டா அவுக திட்டுவாகள்ல அண்ணே"ன்னேன். அது பொய்யா? திட்டத்தானே செய்வாக.

அவரு தலையை ஆட்டுனாரு. "அப்ப நாந்தான் மாத்திப் போட்டுருப்பேன் போலருக்கு தங்கச்சி. எனக்கு ஞாபகம் இல்ல. என் கை செஞ்சது எனக்கே தெரியல, பாத்தியா"ன்னாரு. அழல. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல.

இப்பக் கிட்டத்துல ஒரு நா அவரு சம்சாரத்தை மார்க்கெட்டுல பாத்தேன். அண்ணன் வண்டி ஓட்டுததை விட்டுட்டாராம். கேஸ் அடுப்ப மூடிட்டேனான்னு திரும்பத் திரும்ப எந்திரிச்சுப் போயிப் பாக்காராம். பேரப்பிள்ளையத் தூக்கச் சொன்னா, எங்கையில குடுக்காத, போட்டுருவேங்காராம். டாக்டர் ஒண்ணும் இல்லங்காராம். எனக்குக் கேட்டதுல இருந்து சோறு எறங்கல. நல்ல மனுசன்மா.

எங்க வீட்டுக்காரகளும் முன்ன மாதிரி இல்ல. போன வாரம் அந்தப் பைகளை மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போயித் தனியாப் பூட்டுனாக. பம்ப்பு அடிக்கித சத்தம் கீழ கேட்டுச்சு, சட்டம் மாட்டுத சத்தம் கேட்டுச்சு. மரத்தை எப்பிடி நிறுத்துவாக? ரெண்டு கை அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா, முன்னால போயி ஆணி போட யாரு இருக்கா? நான் மாடிப்படியில நின்னு எட்டிப் பாக்கேன். மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்காக. ரொம்ப நேரம் நின்னாக. "போட்டாச்சா?"ன்னு ஒரு தடவை கேட்டாக, மெதுவாத்தான். பொறவு மரத்தைக் கீழ சாச்சு வச்சுட்டு அந்த வலைத்துணியில மல்லாக்கப் படுத்துக்கிட்டாக. நான் கூப்பிடல. எறங்கி வந்துட்டேன்.

ஆறுமுகநேரியா இது? வந்துட்டோம்.

இன்னைக்கே கெளம்புனது எதுக்குன்னா, வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்ங்காக. பூசை ரூமுல இருந்து ஆரம்பிக்கப் போறாகளாம். படத்தையெல்லாம் எறக்குவாக. அதுக்கு முன்னாடி இது சேர வேண்டிய எடத்துல சேந்துரணும்ல? அதுவுமில்லாம, இப்பல்லாம் நான் வெளக்கேத்தும்போது அது படத்துக்குப் பின்னால இருந்து என்னையே பாக்க மாதிரி இருக்கு. காணிக்கையச் செலுத்தலன்னா அப்பிடித்தான், சாமி கேக்கும். வேற என்ன?

என்ன சொல்லுத? அவருகிட்டக் குடுக்கவா? இதையா? இன்னாசி அண்ணன்கிட்டயா?

எதுக்கு? எதுக்குங்கேன். உனக்கு வெளங்கலம்மா. முதல்ல இருந்து சொல்லியும் வெளங்கல. ஒடஞ்சது அந்த ஆணி. இது ஒடையவே இல்ல, இந்தா, தொட்டுப் பாரு, அப்பிடியே புதுசா இருக்கு. ஒடையாத ஆணியக் கொண்டு போயி அவருகிட்டக் குடுத்து என்ன சொல்ல? சொன்னா எங்க வீட்டுக்காரக எம் மூஞ்சியில முழிப்பாகளா? இத்தனை வருசம் பாத்த பொழப்பு என்னாவுறது? விடு. வேண்டாம், கையை எடு, நானே வச்சுக்கிடுதேன். எங்கை வேர்த்தா வேர்த்துட்டுப் போவுது.

கோவிச்சுக்காதம்மா. நீ சின்னப் பிள்ளை. நான் ஒண்ணும் அவரை மறந்துரல. உண்டியல்ல இதைப் போட்டுட்டு அவருக்கும் சேத்து ஒரு அர்ச்சனை வைக்கப் போறேன். இன்னாசின்னு பேரு குடுத்து, அந்த மனுசனுக்கு மறதி தீரணும், ஞாபகம் நல்லபடியாத் திரும்பணும்னு வேண்டிக்கிடப் போறேன். ஐயர் நட்சத்திரம் கேப்பாரு, அண்ணனுக்கு நட்சத்திரம் எங்க இருக்கு? எங்க வீட்டுக்காரக நட்சத்திரத்தையே சொல்லிருவேன், அனுசம்னு.

சாமிக்கு என்ன, வித்தியாசம் தெரியவா போவுது? எந்திரி, எந்திரி, ஸ்டாண்டு வந்துட்டு.